சாய்வெயிலில் தெரிந்த வரி

நெய்வேலியில் ஒரு ஆளைப் பற்றி விசாரித்தால், பெர்மனன்ட்டா கான்ட்ராக்ட்டா என்றுதான் முதலில் கேட்பார்கள். ஊர், பேர், பிள்ளைகுட்டி எல்லாம் அப்புறம். பேராசிரியர் ஜாபர் அலி இந்த இரண்டிலும் சேராதவர். டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு நடத்தினார். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் "வருது" என்பார். குடியிருந்த குவார்ட்டர்ஸ் அவர் மனைவி ஜான் பீவியின் பெயரில் இருந்தது. அந்த அம்மாள் சுரங்கக் கம்பெனி ஆஸ்பத்திரியில் நர்ஸ், பெர்மனன்ட். வாசல் பலகையிலும் அந்த அம்மாளின் பெயர்தான். பேராசிரியருக்கு அதில் வருத்தம் கிடையாது. அவருடைய வருத்தங்களெல்லாம் பல நூறு வருஷத்துக்கு முந்தியவை.

குள்ளஞ்சாவடி ஜங்ஷனில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்துல் வஹீதின் கடைசி மகன் அவர். துணி அளக்கச் சொன்னால் கோயில் சுவரில் எழுத்தை அளந்துகொண்டு நிற்கிறானே என்று அந்த மனிதர் வாடிக்கையாளர்களிடமெல்லாம் புலம்பியிருக்கிறார். மகன் கேட்கவில்லை. சிதம்பரத்தில் எம்.ஏ. படித்தார். பழைய எழுத்து வாசிக்கக் கற்றுக்கொண்டார். டவுன்ஷிப்பைச் சுற்றியுள்ள ஊர்களில் டி.வி.எஸ். வண்டியில் அலைந்து, எந்த ஏரிக்கரையில் எந்தக் கல் கிடக்கிறது என்று எழுதிவைத்தார். நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஓர் ஊர் காலியாகிறது என்று தெரிந்தால் போதும், வகுப்பை யார் தலையிலாவது கட்டிவிட்டு அங்கே போய் நிற்பார். ஊர்க்காரர்கள் சாமான் ஏற்றிக்கொண்டிருப்பார்கள், இவர் கல் தேடிக்கொண்டிருப்பார். எழவு வீட்டில் வந்து ஜாதகம் கேட்கிற மாதிரி இருக்கும். மாணவர்கள் அவருக்குக் 'கல்லு சார்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை அவர் கொஞ்சம் பெருமையாகவே ஏற்றுக்கொண்டார்.

அவருக்கு ஒரே ஒரு விரோதி உண்டு. அது மஞ்சள் எண்ணெய். கல்லெழுத்தைப் படியெடுக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் கல்லை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஈரத்தாளை மேலே ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். பிறகு மையை ஒற்றினால், பள்ளம் வெள்ளையாகவும் மேடு கறுப்பாகவும் வரும். மைப்படி என்பது அதுதான். கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தால் தாள் ஒட்டாது. எழுத்துக்குள் மஞ்சளும் குங்குமமும் இறுகியிருந்தால் எதுவுமே தெரியாது. அப்படி ஒரு கல்லைக் கண்டால் மனிதருக்கு ரத்தம் கொதிக்கும்.

"உடைக்கறவனும் கல்லைக் கெடுக்கறான், கும்புடறவனும் கெடுக்கறான். உடைக்கறவனாவது ஒரே நாள்ல முடிச்சிட்டுப் போயிடுவான்" என்று வகுப்பில் சொல்வார். பாயாக இருந்துகொண்டு இப்படிப் பேசுகிறீர்களே, வம்பாகிவிடப்போகிறது என்று சக ஆசிரியர்கள் பயப்பட்டார்கள். ஒரு தர்காச் சுவரில் எழுத்துமேல் சுண்ணாம்பு பூசினார்கள் என்று அங்கே போயும் இதே சண்டையைப் போட்டு வந்தவர் அவர். பக்தியில் அவர் யாருக்கும் பாரபட்சம் காட்டியதில்லை.

முள்ளிக்கரை என்பது கம்மாபுரம் பக்கத்தில் இருந்த ஊர். 'இருந்த' என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது அங்கே ஊர் இல்லை, ஆழம்தான் இருக்கிறது. அந்த ஊர் காலியான சமயத்தில், மண்வெட்டும் இயந்திரம் ஏரிக்கரையைத் தொடுவதற்குள், ஜாபர் அலி ஒரு டெம்போ பிடித்து இரண்டு கற்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஒன்று, வில்லோடு நிற்கும் வீரன் சிற்பம். அதில் எழுத்து கிடையாது. ஊர்க்காரர்கள் அதை வீரனார் என்று கும்பிட்டார்கள். இன்னொன்று ஏரிப் படித்துறையில் கிடந்த ஆளுயரப் பலகைக் கல். அதன்மேல்தான் முள்ளிக்கரைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி துவைத்தார்கள். புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்க எழுத்து.

இரண்டும் குவார்ட்டர்ஸின் பின்பக்கம், பலாமரத்தடியில், காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து நின்றன. எழுத்துக் கல்லில் நாலு வரி தெளிவாக இருந்தது. சேந்தன் என்பவனும் அவன் கிளையும் மண் சுமந்து ஏரி வெட்டினார்கள் என்று அது சொன்னது. ஐந்தாவது வரி இருக்க வேண்டிய இடம் தேய்ந்துபோயிருந்தது. ஒருநாள் மாலை அவர் பலாமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்து, கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போயிற்று. தேய்ந்த இடத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

அவர் போட்ட சத்தத்தில் பாம்பு வந்துவிட்டது என்று ஜான் பீவி கழியோடு ஓடி வந்தார்.

"ஜானு, இங்க பாரு. ராஜா நெலம் குடுத்திருக்கான். ஏரி வெட்டின ஆளுங்களுக்கே குடுத்திருக்கான். சந்திரனும் சூரியனும் உள்ளவரைக்கும்னு எழுதியிருக்கான்!"

"பாம்பு இல்லியா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு நைட் ஷிப்டு.

ஜாபர் அலியின் வாழ்க்கையே அந்த ஒரு வரியில் வந்து நின்றுவிட்டது. மண் சுமந்து ஏரி வெட்டின சனங்களுக்குச் சொந்தமாக ஒரு கைப்பிடி நிலம்கூட எக்காலத்திலும் இருந்ததில்லை என்றுதான் இந்தப் பக்கத்து வரலாறு சொல்லிக்கொண்டிருக்கிறது. இல்லை, இருந்தது, யாரோ பிடுங்கியிருக்கிறார்கள் என்று அந்த வரி சொன்னது. ஆனால் மைப்படியில் அது விழவில்லை. தாள் இறங்கும் அளவுக்குப் பள்ளம் மிச்சமில்லை. சாய்ந்த வெயிலில் கண்ணுக்குத்தான் தெரிந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு கல்வெட்டு ஆய்வாளர்களின் கருத்தரங்குக்குப் போனார்.

அங்கே தலைமை தாங்கிய பெரியவர் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "போட்டோவ இந்தக் காலத்துல யாருங்க நம்பறாங்க? கம்ப்யூட்டர்ல எதை வேணாலும் வரவைக்கலாம். நீங்க ஆசைப்பட்டதைப் படிச்சிருக்கீங்க ஜாபர்" என்றார். அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. முன்வரிசையில் அவருடைய மாணவர்களே உட்கார்ந்திருந்தார்கள். முப்பது வருஷமாக ஆதாரம் இல்லாமல் ஒரு வார்த்தை பேசாத மனிதர், மைக்கை வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார்.

அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். நிபுணர்கள் நாலுபேர் வரட்டும், ஒரு மாலை நேரத்தில் என் வீட்டுப் பலாமரத்தடியில் நிற்கட்டும், கல்லை நேரில் பார்க்கட்டும். அவருடைய பழைய மாணவன் சுதாகர் தொல்லியல் துறையில் அதிகாரியாக இருந்தான். "குழு கண்டிப்பா வரும் சார்" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் போனில் சொன்னான். கல்லூரியில் அவருக்கு ஓய்வு கொடுத்து, சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். குழு வரவில்லை. தினமும் சாயங்காலம் அவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கல்லுக்கு எதிரே உட்கார்ந்து, வரி வருகிறதா என்று பார்ப்பார். வரும், கொஞ்ச நேரம் நிற்கும், போய்விடும்.

இப்படி இருந்தபோதுதான் ஜான் பீவிக்கு ரிட்டயர்மென்ட் வந்தது. பெர்மனன்ட் என்று பெயரே தவிர, குவார்ட்டர்ஸ் யாருக்கும் பெர்மனன்ட் இல்லை. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்து, தோட்டத்தையும் துப்புரவாக்கி, சாவியைக் கொடுத்துவிட வேண்டும். வடலூரில் மாடியில் ஒரு போர்ஷன் கிடைத்தது. "கல்லா? மாடியிலயா? வீடு எறங்கிடும் பாய்" என்றார் வீட்டுக்காரர். அது நியாயம்தான். கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, கைகூப்பிவிட்டார். மகள் சாதியா கோயம்புத்தூரில் நாலாவது மாடியில் குடியிருந்தாள். குள்ளஞ்சாவடிக் கடை என்றைக்கோ கைமாறிவிட்டது.

கல்லுக்கு இடம் தேடி ஜாபர் அலி அலைந்த அலைச்சலைச் சொன்னால் சிரிப்பு வரும். அவருக்கு வரவில்லை. கல்லூரி நிர்வாகியைப் போய்ப் பார்த்தார். வாசல்கிட்ட பெரிய கல் நின்றால் வாஸ்துவுக்கு ஆகாது, அட்மிஷன் குறையும் என்று நிர்வாகி சொன்னார். வரலாற்றுத் துறையையே மூடி அங்கே கம்ப்யூட்டர் லேப் வைத்திருந்தார்கள். அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போனார். கல் எடுத்த ஊரின் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி வாருங்கள் என்றார்கள். ஊரே இல்லையே ஐயா, அலுவலர் எப்படி இருப்பார் என்று கேட்டார். அப்படியென்றால் ஊர் இல்லை என்பதற்குச் சான்று வாங்கி வாருங்கள் என்றார்கள். சுதாகருக்குப் போன் போட்டார்.

"சார், த்ரீடி ஸ்கேன் பண்ணிடலாம் சார். அப்புறம் கல்லு எதுக்கு?"

"எப்ப பண்ணுவ?"

"குழு வர்றப்ப சார்."

சாவி கொடுக்கும் நாள் நெருங்கியது. வீட்டை முன்கூட்டிப் பார்க்க வந்த மேஸ்திரி, பின்பக்கம் போய் இரண்டு கற்களையும் பூட்ஸ் காலால் தட்டிப் பார்த்தார். "இது கெடக்கட்டும் சார், நாங்க பாத்துக்கறோம். ரோடு வேலைக்கு ஜல்லி வேணும்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஜாபர் அலிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் பலர் இருக்கிறார்கள். தொள்ளாயிரம் வருஷத்து வரி ஒன்றைத் தனியாளாகக் காப்பாற்ற வேண்டிய கதி எத்தனை பேருக்கு வாய்க்கும்? தன் ஆயுசெல்லாம் வீண் என்று அவருக்குத் தோன்றியது. அதைச் சொல்லியும் அழுதார். ஜான் பீவி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிரசவ வார்டில் முப்பது வருஷம் வேலை பார்த்த அம்மாள் அவர். அழுகை எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

வீரனாரை அடையாளம் கண்டது வள்ளியம்மாள். அந்த பிளாக்கில் தெருப் பெருக்கும் கான்ட்ராக்ட் வேலைக்கு அவள் புதிதாக மாற்றலாகி வந்திருந்தாள். சாமான் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, பழைய துணி இருந்தால் கேட்கலாம் என்று பின்பக்கம் வந்தவள், பலாமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வீரனாரு! சார், எங்க வீரனாரு இங்கயா இருக்குறாரு? பள்ளத்துல போயிட்டாருன்னு நாங்க அழுதுகினு இருக்கோமே!"

முள்ளிக்கரைக்காரி. நிலம் வைத்திருந்தவர்களுக்கு வேறு இடத்தில் மனை கிடைத்தது. ஊர்க் கோயிலுக்கும் மாற்று இடம் கிடைத்தது. வள்ளியம்மாள் சனங்களிடம் பட்டா என்று ஒரு தாள் இருந்ததில்லை. அவர்கள் கம்மாபுரத்துக்கு அப்பால் ரோட்டோரப் புறம்போக்கில் தார்ப்பாய் கட்டிக் குந்தியிருந்தார்கள். எப்போது வந்து கிளப்புவார்களோ என்று ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் எழுந்து பார்த்தார்கள்.

"எங்கிளுக்குக் குடுத்துடுங்க சார். டிராக்டர் வச்சி எடுத்துகினு போறோம். சாமி இருந்தா பொக்லைன் கிட்ட வராது சார். கோயிலுக்கு எடம் குடுத்தாங்க, மனுசாளுக்குக் குடுத்தாங்களா? நீங்களே சொல்லுங்க."

வரலாற்றுப் பேராசிரியர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

"அம்மா, பக்கத்துல இருக்கற கல்லையும் எடுத்துக்குங்க. இதுவும் உங்க ஊருதான்."

வள்ளியம்மாள் பார்த்தாள். "இது துவைக்கற கல்லு சார். இத வச்சிகினு நாங்க என்னா பண்றது? அங்க கொழாயிலயே தண்ணி வர்ல."

அவர் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். சேந்தனைச் சொன்னார், ஏரி வெட்டியதைச் சொன்னார், நிலம் கொடுத்ததைச் சொன்னார். வகுப்பில்கூட அவ்வளவு நன்றாக அவர் நடத்தியதில்லை. அவள் பொறுமையாகக் கேட்டாள். "அந்த நெலம் எங்க சார் கீது?" என்று கேட்டாள். பள்ளத்தில் போய்விட்டது என்றார். "அப்ப இத காட்டுனா எங்களுக்கு எடம் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். பெரியவர்கள் வந்து பார்த்து, ஒப்புக்கொண்டு, அச்சில் வந்து, அதற்கப்புறம்... என்று இழுத்தார். அவருக்கே தன் குரல் பிடிக்கவில்லை. "படிச்சவங்க வச்சிக்க வேண்டியது சார் இது. எங்களுக்கு வீரனாரு போதும்" என்று அவள் எழுந்து போனாள்.

மறுநாளே சாவி கொடுக்க வேண்டும். காலையில் டிராக்டர் வந்தது. வள்ளியம்மாளின் தம்பி மகன்களும் அண்டை அயலாரும் வந்து, வீரனாருக்குத் தேங்காய் உடைத்து, கயிறு கட்டி, பலகை போட்டு ஏற்றினார்கள். மேஸ்திரியின் ஆட்கள் கடப்பாரையோடு காம்பவுண்டுக்கு வெளியே பீடி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். டிராக்டரில் இன்னும் பாதி இடம் காலியாக இருந்தது. டிரைவர் இன்ஜினைக் கிளப்பினான்.

ஜாபர் அலி டிராக்டருக்கு முன்னால் போய் நின்றார். "அவரை மட்டும் தனியா எடுத்துகினு போறீங்களே, அந்த அம்மாவ யாரு பாக்கறது?" என்றார்.

"எந்த அம்மா சார்?"

"நீங்க துணி துவைச்சீங்களே, அது கல்லு இல்ல. வீரனாரோட பொஞ்சாதி. குப்புறக் கெடந்தாங்க, உங்களுக்குத் தெரியல. அதுல எழுதியிருக்கறது அதுதான். நேத்து சொல்ல வேணாம்னு பாத்தேன்."

இன்ஜின் நின்றது. முப்பது வருஷம் ஆதாரம் இல்லாமல் பேசாத வாய் அது, அதனாலேயே ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. வள்ளியம்மாள் மெல்லக் கல்லிடம் வந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஜாபர் அலி ஓரடி பின்வாங்கினார்.

"ஆத்தா மேலயா அழுக்கு தொவைச்சோம்? ஆயி அப்பன் காலத்துலருந்தா?" என்றாள். பிறகு, "அதான் ஊரே போச்சு" என்றாள். மற்றவர்களும் அதையே திருப்பிச் சொன்னார்கள். அதான் ஊரே போச்சு. ஒரு கிழவர் கன்னத்தில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்தார்.

அப்படி இல்லை, ஊர் போனதற்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று கத்த வேண்டும் போல அவருக்கு இருந்தது. கத்தினால் கல் ஜல்லியாகிவிடும். மஞ்சள்தானே பூசுவார்கள், எண்ணெய்தானே ஊற்றுவார்கள், கழுவினால் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மைப்படிக்காக எத்தனை கல்லைக் கழுவியிருக்கிறோம், குழு வருகிற அன்றைக்கு இதையும் கழுவிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்.

"பேரு என்னா சார் ஆத்தாவுக்கு?" என்று வள்ளியம்மாள் கேட்டாள்.

அவர் கல்லைப் பார்த்தார். பொய்யிலாவது ஒரு சொல் உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்தார். "சேந்தம்மா" என்றார்.

வடலூர் மாடிக்கு வந்து, சாமானெல்லாம் இறக்கி முடித்த பிறகு, ஜான் பீவி அவருக்கு எதிரே உட்கார்ந்தார். "என்னங்க, நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு" என்றார்.

"வேற வழி இல்ல ஜானு."

"உங்க படிப்புக்கும் துரோகம், நம்ம தீனுக்கும் மார்க்கத்துக்கும் ஆகாது. அதுகூட நீங்களும் அல்லாவும் பாத்துக்குங்க. அந்தக் கெழவன் கன்னத்துல அடிச்சிக்கிட்டானே, அதுக்கு என்ன பண்ணப்போறீங்க?"

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போனவர், கால் கழுவும் இடத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மாதங்கள் போயின. வடலூர் மாடியில் சாயங்கால வெயில் ஒரு மொட்டைச் சுவரில்தான் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சேந்தம்மாவைப் பார்க்கப் போக அவருக்குத் தைரியம் வரவில்லை. இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது, அது போதும் என்று நாளைக் கடத்தினார்.

பிறகு ஒருநாள் சுதாகர் கூப்பிட்டான். குரலே வேறாக இருந்தது. "சார், குழு வருது சார்! இந்தத் தடவை நெஜமா. அந்தக் கருத்தரங்குல தலைமை தாங்கினாரே, அவரே வர்றாரு. அடுத்த வாரம் சாயங்கால வெயில்ல பாக்கணும்னு அவரே சொல்லிட்டாரு. கல்லு ரெடியா இருக்குல்ல சார்?"

ஜாபர் அலி அழுதார், இந்தத் தடவை சந்தோஷத்தில். தேங்காய் நார், சோப்புத்தூள், வாளி எல்லாவற்றையும் டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு அன்றைக்கே கிளம்பினார். முதலில் வள்ளியம்மாளிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும், அப்புறம் கழுவ வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். அவர்கள் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார்.

ரோட்டோரத்தில் தார்ப்பாய் வீடுகளுக்கு முன்னால் புதிதாகத் தகரக் கொட்டகை ஒன்று போட்டிருந்தது. 'அருள்மிகு வீரனார் சேந்தம்மாள் துணை' என்று பலகை இருந்தது. உள்ளே வீரனார் வில்லோடு நின்றார். பக்கத்தில் சிவப்புப் புடவை சுற்றி, மூக்குத்தி போட்டு, பெரிய கண்களோடு ஒரு பெண் தெய்வம் அவரையே பார்த்தது. ஜாபர் அலி துவைக்கிற கல்லைத் தேடினார். வேறு கல் அங்கே இல்லை.

வள்ளியம்மாள் ஓடி வந்தாள். "வாங்க சார், வாங்க! ஒங்களத்தான் பேசிகினே இருக்கோம். ஆத்தாளுக்குப் பண்ண பாவத்துக்கு என்னா பண்றதுன்னு கூடிப் பேசுனோம் சார். மூஞ்சி இல்லாம எப்டி நிக்கறது அவ? வூட்டுக்கு வூடு கூலியில புடிச்சி, கல்லுத் தச்சரைக் கூட்டியாந்தோம். மூஞ்சி வைக்கறதுக்கு வழவழன்னு எடம் வேணும்னாரு. என்னமோ கிறுக்கலா இருந்துச்சாம். மொத அத்தயெல்லாம் கொத்தி வழிச்சி எடுத்துட்டுதான் கண்ணு தொறந்தாரு."

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கொட்டகையின் திறந்த பக்கமாக உள்ளே வந்து அம்மனின் முகத்தை உரசிக்கொண்டு போயிற்று. ஜாபர் அலி குனிந்து நெற்றியைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், தாடையைப் பார்த்தார். எந்தச் சாய்வில் எந்த எழுத்து எழும் என்று அவருக்கு மனப்பாடம். வெயில் சரியான சாய்வில்தான் இருந்தது. கல் வழவழவென்று இருந்தது.

கையிலிருந்த தேங்காய் நார் கீழே விழுந்தது. சாமிக்குக் கொண்டுவந்தது போலிருக்கிறது என்று நினைத்து ஒரு பெண் அதைப் பயபக்தியோடு எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நல்லா இருக்காளா சார் ஆத்தா?"

"நல்லா இருக்காங்க" என்றார்.

"போன வாரம் தாலுக்கா ஆபீசுலருந்து ஜீப்பு வந்துச்சி சார். காலி பண்ணச் சொல்லத்தான் வந்தாங்க. ஆத்தாவப் பாத்துட்டு, செருப்பக் கழட்டிக் கும்புட்டுட்டு, பொறவு வரோம்னு போய்ட்டாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பொறவு வருவாங்கல்ல சார்? நீங்க படிச்சவங்க, ஆத்தா மேல எழுதியிருந்ததெல்லாம் படிச்சவங்க. எங்கள ஆத்தா எத்தினி நாளிக்கு இங்க வுட்டு வைப்பா?"

ஜாபர் அலி சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை. கல்லில் இல்லாமல் போன வரிதான் வந்தது.

"சந்திரனும் சூரியனும் உள்ளவரைக்கும்" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சாமி வாக்கு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஜீப் திரும்பி வரும், இந்த முகத்தைப் பார்த்து எத்தனை முறை திரும்பிப் போகும் என்று அவருக்குத் தெரியாது. அந்த வரி கல்லில் எழுதியிருந்தது என்று இனி உலகத்தில் யாரிடமும் அவரால் நிரூபிக்க முடியாது என்பது மட்டும் தெரியும்.

வண்டியிடம் வந்து, வாளியைத் திரும்பக் கட்டினார். பிறகு போனை எடுத்து, குழு வர வேண்டாம் என்று சுதாகரிடம் சொன்னார்.